நாகர்கோவிலிலிருந்து ஒருவர்

மேடவாக்கம் ஏகாம்பரம் மாவு மில்லில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டப்பாக்கள்தான் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிழல் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள். முன்னால் ஒரு டப்பா நகர்ந்தால் அவரவர் டப்பாவை அவரவர் காலால் தள்ளிவிட வேண்டும், அடுத்தவர் தள்ளிவிடுவார் என்று இருந்தால் பொழுது சாய்ந்துவிடும். தாணுமாலயன் அப்படி அசந்து அசந்தே இரண்டு பேரை முன்னால் விட்டிருந்தான். பிழைப்பு என்னவோ மென்பொருள் கம்பெனியில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று துழாவிக் கண்டுபிடிப்பது, அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. அப்பேர்ப்பட்டவனுக்குக் காலடியில் இருக்கும் மிளகாய் டப்பா கண்ணில் படவில்லை. மனம் ஒரு கட்டுரையின் முதல் வரியில் மாட்டிக்கொண்டிருந்தது. பத்து வருடத்தில் நான் கற்ற பாடங்கள். தலைப்பு வந்து இரண்டு நாளாயிற்று, கீழே ஒரு வரி வரவில்லை. தமிழில் புரோகிராமிங் சொல்லித்தரும் அவனுடைய வலைப்பதிவுக்கு இந்த வாரத்தோடு பத்து வயது, இன்று சாயங்காலத்துக்குள் கட்டுரையை ஏற்றிவிட வேண்டும், பாடம் ஒன்று, என்று மறுபடி ஆரம்பித்தான், பாடம் ஒன்று, ஆயிரம் பேருக்காக எழுதாதே, ஒரே ஒருவருக்காக எழுது, அவர் முகம் உனக்குத் தெரிய வேண்டியதில்லை, அவர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், இந்த இடத்துக்கு வந்ததும் மனம் தடுக்கி நின்றது, ஏனென்றால் வியாழக்கிழமையிலிருந்து அவர் வரவில்லை.

அவர் யார் என்று தாணுவுக்குத் தெரியாது. பதிவுக்கு யார் வந்தார்கள் என்று காட்டும் கணக்குப் பக்கத்தை அவனேதான் எழுதி வைத்திருந்தான், அதில் முக்கால்வாசி குப்பை, எங்கெங்கோ இருந்து கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற ரோபோக்கள், அவற்றையெல்லாம் சல்லடை போட்டுத் தள்ளிவிட்டு, தன் வீட்டிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் தானே போய்ப் பார்ப்பதையும் கழித்துவிடுவான், தன்னையே எண்ணிக்கொண்டு பூரித்துப்போகிற அற்பன் இல்லை நான் என்று அதில் ஒரு கர்வம். கழித்தது போக மிஞ்சுவது பதிவு போட்ட அன்றைக்கு நாலைந்து பேர், மறுநாள் ஒன்றிரண்டு, அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். ஆனால் தினமும் காலையில் ஆறு மணியைத் தாண்டியதும் நாகர்கோவிலிலிருந்து ஒருவர். பதிவு போட்டாலும் போடாவிட்டாலும் ஒருவர். சொந்த ஊர் என்பதால் அந்தப் பெயரைப் பார்த்ததுமே அவனுக்கு உள்ளுக்குள் ஈரமாகிவிடும். காலையில் பல் விளக்கிக்கொண்டே போனைப் பார்க்கும்போது பிரமிளா அடுப்படியிலிருந்து கேட்பாள், "ஏங்க, ஒங்க ஆளு வந்தாச்சா?" வந்தாச்சு என்பான். "சரி, அப்ப இன்னைக்குப் பொழுது விடிஞ்சிற்று" என்பாள். கேலிதான், ஆனாலும் இந்த மூன்று நாளாக அவள் அப்படிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரு தடவை கேட்டாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் கேலியை நிறுத்தினால் விஷயம் பெரிது என்பது அவனுக்குத் தெரியும்.

"சார், டப்பா யாருது? தள்ளுங்க சார்" என்றது ஒரு குரல், தள்ளினான். மிளகாய் மிஷின் அலறியது, காற்றே சிவந்தாற்போல் மூக்கில் ஏறியது, வரிசையாக நாலு பேர் தும்மினார்கள். பாடம் இரண்டு, எது ஓடும் என்று உனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து, நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து எழுதிய தொடரை நாய்கூட மோந்து பார்க்கவில்லை, திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்வது என்று ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுச் சோம்பலில் எழுதிய பத்து வரிக்குத்தான் இன்றைக்கும் ஆள் வருகிறது, வந்து கட்டத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிறது. பாடம் மூன்று, மறுமொழிகளை நம்பாதே, அருமையான பதிவு நண்பரே என்று ஒருவர் எழுதினால் கீழே வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விற்றுக்கொண்டிருப்பார். ஒருவன் மொத்தப் பதிவுகளையும் அப்படியே தூக்கி, பெயரை மட்டும் மாற்றித் தன் தளத்தில் போட்டுக்கொண்டான், அதைப் பார்த்தபோது வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை, திருடுகிற அளவுக்கு மதிப்பு இருக்கிறதே என்று வீட்டுக்குப் போகும் வழியில் அரைக்கிலோ அல்வா வாங்கிப் போனான், எதற்கு அல்வா என்று பிரமிளா கேட்டதற்குச் சொல்லவில்லை. இப்போது அந்தத் திருடனும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். ஆபீஸில் புதிதாய்ச் சேர்ந்த பெண் வெகுளியாகக் கேட்டாள், "பிளாக்கெல்லாம் இப்ப யாரு சார் படிக்கிறாங்க? ஏஐகிட்ட கேட்டா ரெண்டு செகண்டுல சொல்லிடுதே." ஒருவர் படிக்கிறார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஒருவர் போதும் என்பதற்கு அவனிடம் காரணம் இருந்தது. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு என்ஜினீயரிங் காலேஜில் போய் உட்கார்ந்தவன் அவன், முதல் செமஸ்டர் முழுக்க வாத்தியார் பேசியது தகரத்தில் ஆணி கிழிப்பதுபோல் காதில் விழுந்ததே தவிர ஒரு சொல் உள்ளே இறங்கவில்லை. சி மொழியில் பாயிண்டர் என்று ஒன்று வந்தபோது, இனி முடியாது, ஊருக்குப் போய் மண்டியில் வாழைத்தார் எண்ணலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டான். அறைத்தோழன் ஜெபசிங் கட்டிலில் படுத்தபடியே சொன்னான், "லேய், வீடு வேற, வீட்டு அட்ரஸ் வேற. அட்ரஸ எழுதி மடிச்சுச் சட்டைப் பைல வைக்கலாம். வீட்ட வைக்க முடியுமால? அம்புட்டுத்தாம்ல பாயிண்டரு." அம்புட்டுத்தான். பூட்டு திறந்துகொண்டது. கட்டிய பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டுக் குளியலறையில் போய் ஒரு பாட்டம் அழுதான். அந்த ஒரு வாக்கியம் கிடைக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பையன்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருத்தனாவது, ஒருத்தியாவது. அதற்காகத்தான் பத்து வருடம். ஆசை சின்னதுதான், ஆனால் அதன் மேல்தான் அவன் மொத்த எடையையும் வைத்து உட்கார்ந்திருந்தான். ஆபீஸில் கிடைக்காத மரியாதை, வராத பதவி, இந்த வயதில் எந்த நிமிடம் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வார்களோ என்ற பயம், எல்லாவற்றையும் காலை ஆறு மணிக்கு வரும் அந்த ஒருவர் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்.

வராமல் போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. புயலடித்த வருடம் குமரி மாவட்டமே இருட்டில் கிடந்தபோது ஒரு வாரம் அவரைக் காணவில்லை, அப்புறம் ஒரு நாள் நட்ட நடு மத்தியானத்தில் வந்தார். கரண்ட் வந்ததும் முதல் காரியமாக என் பக்கத்தைத்தான் திறந்திருக்கிறார் என்று ஆபீஸ் கேண்டீனில் தட்டின் முன்னால் உட்கார்ந்து தாணு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர் முதல் பக்கத்தைத் தாண்டி உள்ளே எதையும் அழுத்துவதில்லை, பாவம், அந்தப் பக்கம் நெட் மெதுவாக இருக்கும், அல்லது வாங்கிக்கொடுத்த போன் பழசாக இருக்கும் என்று முழுக் கட்டுரையும் முதல் பக்கத்திலேயே தெரியும்படி அவருக்காகவே பதிவை மாற்றியமைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே சரஸ்வதி பூஜை. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு மட்டும் அவர் வர மாட்டார், விஜயதசமி காலையில் வந்துவிடுவார். புத்தகத்தைப் பூஜையில் வைத்தால் அன்றைக்குப் படிக்கக் கூடாது, மறுநாள் எடுத்துப் படிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த வருடம் தாணு யாரிடமும் சொல்லாமல் அந்த நாளை மனதில் பொத்தி வைத்துக்கொண்டான், என் எழுத்தைப் பாடப் புத்தகத்தோடு சேர்த்துப் பூஜையில் வைக்கிற ஒரு பிள்ளை, இதற்கு மேல் என்ன விருது வேண்டிக் கிடக்கிறது? அந்தப் பிள்ளைதான் வியாழக்கிழமையிலிருந்து வரவில்லை. புயல் இல்லை, பூஜை இல்லை. காய்ச்சலாக இருக்கும். காய்ச்சலுக்கு நாலு நாளா, ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்களோ, பைக்கில் போகும்போது வடசேரி வளைவில் ஏதாவது, சீச்சீ, படிப்பை நிறுத்திவிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்களோ, அதுவாவது பரவாயில்லை, கடைசியில் எழுதிய பதிவு சரியில்லையோ, அதில் கொஞ்சம் அலுப்பாகத்தான் எழுதியிருந்தோம், இவ்வளவுதானா இவர் என்று போய்விட்டாரோ, இந்த எண்ணம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் குத்தியது, விபத்தைவிடக் குத்தியது, அதற்காக ஒரு நொடி வெட்கப்பட்டான். வெள்ளிக்கிழமை அவன் ஒரு காரியம் செய்திருந்தான். பதிவின் உச்சியில், ஊரே பார்க்கும்படி, ஒரு வரி எழுதி வைத்தான். தினமும் வரும் நாகர்கோவில் நண்பருக்கு, நலம்தானே? ஒரு சொல் எழுதுங்கள். ஆசை வெட்கமறியாது.

போன் அடித்தது. சுயம்பு. ஊரில் அப்பாவின் வாழைக்காய் மண்டியை எடுத்து நடத்தும் தம்பி. மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, தாணு டப்பாவை விட்டுவிட்டு வெளியே இளநீர் வண்டிப் பக்கம் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். "அண்ணே, ஆக்கர்காரன் வந்து நிக்கான். பழைய இரும்பு, பேப்பர் எல்லாம் எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். ஒங்க பொட்டியையும் தூக்கிக் குடுத்துறட்டா?" எந்தப் பொட்டி என்றான். "ஒங்க கம்ப்யூட்டர் பொட்டிதாம்ணே. மெட்ராசுக்குச் சாமானெல்லாம் ஏத்திட்டு இத மட்டும் மண்டில வச்சிட்டுப் போனீங்கள்லா? கேமராக்காரன் புதன்கிழம வந்தான், புது கேமரா மாட்ட. பிளக்கு பத்தலன்னு இத உருவிப் போட்டான். இத்தன வருசமா இது எதுக்கு ஓடுதுன்னு கேக்கான், நான் என்னத்தச் சொல்ல? அண்ணன் அணைக்காண்டாம்னு சொன்னாவ, நான் அணைக்கல, அம்புட்டுத்தான். ஆயுத பூஜைக்கு மட்டும் முந்தின ராத்திரியே நிறுத்தி, பூஜை அன்னைக்குச் சந்தனம் குங்குமம் வச்சிட்டு, மறுநாள் விடிஞ்சதும் போட்டு விட்டுருவேன்." இளநீர்க்காரர் அரிவாளால் ஒரு காயின் தலையைச் சீவினார், தாணு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே? கேக்குதா?" கேட்கிறது என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றான். "சீக்கிரம் சொல்லுங்கணே, அவன் ரொம்ப நேரம் நிக்க மாட்டான்."

அடுத்தவர் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுபோல ஒவ்வொரு வரியாகத் தானே ஞாபகத்துக்கு வந்தது, அவன் தேட வேண்டியிருக்கவில்லை. ஆரம்ப வருடம் மலிவாகக் கிடைத்த சர்வர் நினைத்த நேரத்தில் படுத்துக்கொள்ளும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தினமும் காலையில் யாராவது போய்ப் பார்த்தால் தேவலை என்று ஒரு சின்ன நிரல் எழுதி அந்தப் பெட்டியில் போட்டிருந்தான். ஆறு மணிக்கு மேல் போ, முதல் பக்கத்தைத் திற, திறக்காவிட்டால் எனக்கு மெயில் அனுப்பு. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திரு, எழுந்ததும் ஒரு தடவை போய்ப் பார். ரோபோ என்று தெரிந்தால் சர்வர் உள்ளே விடாமல் அடம்பிடித்தது, அதனால் மனிதர் யாரோ போனில் திறக்கிறார் என்று தோன்றும்படி அதற்கு ஒரு முகமூடியும் அவனேதான் போட்டுவிட்டான். மெயில் போன முகவரியை எப்போதோ தலைமுழுகிவிட்டான், சர்வரையும் நல்லதாக மாற்றியாயிற்று, கணக்குப் பக்கம் எழுதியது அதற்கும் ரொம்பப் பிறகு, அப்போது வீட்டைக் கழித்தான், ஆபீஸைக் கழித்தான், மண்டியைக் கழிக்க மறந்துபோனான். இவ்வளவுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், இவனோ தன் முதுகையே வேறு யாரோ என்று நினைத்து இத்தனை வருடம் தனக்குத்தானே கதை சொல்லியிருக்கிறான். புயலுக்குப் பிறகு நட்ட நடு மத்தியானத்தில் கரண்ட் வந்ததும் முதல் காரியமாக என்று நினைத்து அழுதானே, அது உண்மைதான், முதல் காரியமாகத்தான் வந்திருக்கிறது. விஜயதசமி உண்மைதான். சந்தனம் குங்குமம்கூட உண்மை, வைத்தது சுயம்பு, அந்த ஒரு மனிதன் மட்டும் பொய்யில்லாமல் மரியாதை செய்திருக்கிறான், எதற்கு என்றே தெரியாமல். நெட் மெதுவாக இருக்கும் பாவம் என்று பதிவை மாற்றியமைத்தது யாருக்காக? நலம்தானே என்று கேட்டது யாரிடம்? சிரிப்பு வர வேண்டிய இடம் இது. ஜெபசிங்கிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். தாணு வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எளநீ வேணுமா சார்?" என்றார் இளநீர்க்காரர். வேண்டாம் என்று தலையாட்டினான்.

உள்ளே ஏகாம்பரம் கத்தினார், "மொளகா மல்லி யாருதுபா? இன்னா, டப்பாவ வச்சிட்டு ஆளு வூட்டுக்குப் பூட்டாரா?" ஓடிப் போய்த் தூக்கிக் கொடுத்தான். "நல்லா காஞ்சிருக்கு சார். வெரளி மஞ்ச போட்ருக்கீங்களா?" போட்டிருக்கிறது என்றான். மிளகாய் சரசரவென்று மிஷின் வாய்க்குள் இறங்கியது. கண் எரிந்தது. அழுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது, சுற்றி நிற்கிற எல்லோர் கண்ணிலும் தண்ணீர், ஆனால் அழுகை வரவில்லை, உள்ளே காய்ந்து கிடந்தது. பாடம் ஒன்று, ஒரே ஒருவருக்காக எழுது. பாடம் ஒன்று, யாரும் இல்லை. பாடம் ஒன்று, யாரும் ஒருபோதும் இல்லை, கட்டம் கட்டமாகத் தெரிந்த எழுத்தைச் சரிசெய்ய வந்தவர்களைத் தவிர. பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பையன் போனவன்தான், அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வீடு வேற அட்ரஸ் வேற என்று பத்து வருடமாக ஒருத்தன் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், சுவர் தினமும் காலையில் ஆமாம் என்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள் போனது, மகளுடைய பள்ளி ஆண்டு விழாவில் பின் வரிசையில் உட்கார்ந்து போனில் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தது, பிரமிளா காய்ச்சலில் கிடந்தபோதுகூட இதோ ஒரு பத்தி என்று சொன்னது. அவளிடம் என்ன சொல்வது? ஒங்க ஆளு வந்தாச்சா என்று நாளைக்கோ மறுநாளோ மறுபடி கேட்கத்தான் போகிறாள். சொன்னால் சிரிக்க மாட்டாள். அவன் தோளில் கை வைப்பாள், அதை நினைத்ததும்தான் தாங்க முடியாமல் போனது.

"சூடா இருக்கு சார், மூடி போட்றாதீங்க" என்று ஏகாம்பரம் டப்பாவை நீட்டினார். அடிப்பாகத்தின் சூடு உள்ளங்கையைச் சுட்டது, தரையில் வைக்கத் தோன்றாமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். போட்டுவிடலாம், ஆக்கர்காரன் கொண்டுபோகட்டும். அதுதான் நேர்மை. பூஜ்யம் என்றால் பூஜ்யம், நாளைக் காலையில் பல் விளக்கும்போது பூஜ்யம், அதற்கு மறுநாளும். சாயங்காலம் அந்தக் கட்டுரையில் இதையே எழுதலாம், என் ஒரே வாசகர் என் பழைய கம்ப்யூட்டர் என்று, நல்ல நகைச்சுவையாகக்கூட வரும், படிக்கிறவர்கள் ரசிப்பார்கள், எந்தப் படிக்கிறவர்கள்? இந்தக் கேள்விக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. நாளைக்கு எழுந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, நாகர்கோவில் என்ற பெயரே இல்லாத வெள்ளைத் திரையைப் பார்ப்பதாக நினைத்துப் பார்த்தான். நாளைக்கு என்றால் பார்த்துவிடலாம். எல்லா நாளைக்கும் என்றால்? போன் மறுபடி அடித்தது. "அண்ணே, என்ன செய்ய? அவன் வண்டிய எடுக்கான்."

"குடுக்காத" என்றான் தாணு.

"செரிணே. அப்ப அட்டைப் பெட்டில போட்டு மேல ஏத்தி வச்சிறட்டா?"

"இல்ல. பிளக்குல மாட்டு."

"ஓட விடவா? எதுக்குணே?" சுயம்பு உடனே குரலைத் தணித்துக்கொண்டான். "நான் சும்மா கேட்டேன். இப்பமே மாட்டுதேன். கேமராக்காரன்ட்ட வேற பிளக்கு போட்டுக்கிடச் சொல்லுதேன்."

தாணு போனை வைத்தான். டப்பா சுட்டது. வெயில் ஏறிவிட்டது, இளநீர் வண்டியின் நிழலில் ஒரு கைக்குழந்தைக்காரி நின்றிருந்தாள், அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றான். வீட்டுக்குப் போக வேண்டும், பிரமிளா காத்திருப்பாள், ஆனால் போகாமல் நின்று ஒற்றைக் கையால் கணக்குப் பக்கத்தைத் திறந்தான். வெள்ளையாக இருந்தது. கீழே இழுத்துவிட்டான், வெள்ளை. அந்தப் பழைய பெட்டி எழுந்திருக்க நேரமாகும், முனகிக்கொண்டேதான் எழுந்திருக்கும், அவனுக்குத் தெரியாதா அதை, அவன் வாங்கியது, அவன் எழுதியது, அவன் போட்ட முகமூடி. மறுபடி இழுத்தான். விரலில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூள் திரையில் சிவப்பாகத் தடவியது, அதைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் பெயர் வந்திருந்தது. நாகர்கோவில், ஒருவர். அப்பாடா, வந்துவிட்டார் என்றது மனம், அவன் தடுப்பதற்குள் சொல்லிவிட்டது.